மலை எழுப்பும் ஒலியும் மாணவர் மனமும்

ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த அந்த மாணவி முதல் மூன்று வாரங்கள் வகுப்பில் ஒரு சொல்கூடப் பேசவில்லை. கல்வராயன் மலையிலுள்ள சிற்றூர் ஒன்றிலிருந்து இறங்கி, கள்ளக்குறிச்சிப் பக்கம் விடுதியில் தங்கிப் படிக்க வந்தவள். அப்பா முந்தைய ஆண்டு இறந்துவிட்டார். அம்மா வேலைக்காக வெளிமாநிலம் போயிருந்தார். ஊரில் இருந்தது ஆயா மட்டும்.

அவளைச் சிரிக்க வைத்துவிட வேண்டும் என்பதே அப்போது என் எண்ணம். வகுப்பு தொடங்கும்போது கைதட்டிப் பாடும் துள்ளலான பாடல்களைப் பாட வைத்தேன். மற்ற பிள்ளைகள் உற்சாகமாகப் பாடினார்கள். அவள் மட்டும் தலையை இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டாள்.

ஒரு நாள் தமிழ்ப் பாடவேளையில் கேட்டல் திறன் பயிற்சிக்காக எல்லோரையும் வேப்பமரத்தடியில் உட்கார வைத்தேன். ஐந்து நிமிடம் கண்ணை மூடியிருங்கள், காதில் விழும் ஒவ்வொரு ஒலியையும் தாளில் குறியுங்கள் என்றேன். பேருந்து ஹாரன், கரும்பு டிராக்டரின் பாட்டுச் சத்தம், காகம், சத்துணவுக்கூடத்துப் பாத்திரம் என்று பிள்ளைகள் குறித்தார்கள். அவளும் நான்கைந்து ஒலிகளைக் குறித்தாள். பிறகு தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் வேறு ஒலிகளை வரையத் தொடங்கினாள். தகரக் கூரையில் மழை. வீட்டுக்குப் பின்னால் ஓடை. ஆயா சாமை குத்தும் உலக்கை.

“இங்க ராத்திரியில தண்ணி ஓடுற சத்தமே இல்ல டீச்சர்” என்றாள். எங்களிடம் அவள் பேசிய முதல் வாக்கியம் அது. சொல்லி முடித்ததும் அழத் தொடங்கினாள்.

தேற்றுவதா, விட்டுவிடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அவள் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினாள். மகிழ்ச்சிப் பாட்டால் முடியாததை ஓடையின் நினைவு எப்படிச் செய்தது? இந்தக் கேள்வியோடு தேடிப் படித்ததையும் வகுப்பில் முயன்று பார்த்ததையும் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

மலையின் ஒலிகளைப் பட்டியலிட்ட புலவர்

இந்தத் தேடலில் முதலில் கைக்கு வந்தது நம் பக்கத்து ஊர் இலக்கியம். கல்வராயனுக்கு வடக்கே தென்பெண்ணையைத் தாண்டினால் செங்கம். சங்ககாலத்தில் அது செங்கண்மா. அதை ஆண்ட நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடிய பாட்டே பத்துப்பாட்டில் இறுதியாக உள்ள மலைபடுகடாம். மலையை யானையாகவும் அதில் எழும் ஓசைகளை யானையின் மதநீராகிய கடாமாகவும் உருவகித்ததால் வந்த பெயர் இது. 583 அடிகள் கொண்ட இந்தப் பாட்டின் நடுவே, மலைவழி போகும் கூத்தர்கள் கேட்கப்போகும் ஒலிகளைப் புலவர் ஒவ்வொன்றாக அடுக்குகிறார்.

அருவியில் நீராடும் ஒலி கூத்தர்களின் இசைக்கருவிகளைப் போல இனிமையாக இருக்கிறது. தினை குத்தும் பெண்கள் வள்ளைப்பாட்டுப் பாடுகிறார்கள். கரும்பு ஆலைகள் ஓசை எழுப்புகின்றன. இன்றைக்கும் கரும்பு விளையும் நம் மாவட்டத்து ஆசிரியர்களுக்கு இது வியப்பாக இருக்காது. ஆனால் அந்தப் பட்டியலில் இனிய ஒலிகள் மட்டும் இல்லை. முள்ளம்பன்றியால் காயம்பட்ட கானவரின் அழுகை இருக்கிறது. மலைப்பிளவில் குட்டி விழுந்துவிட, அதற்காக மந்தி தன் கூட்டத்தோடு எழுப்பும் துயரப் பூசலும் இருக்கிறது. புலி பாய்ந்து கணவன் மார்பில் ஏற்பட்ட புண்ணின் வேதனை தணிய, கொடிச்சியர் காவலாகப் பாடும் பாட்டும் இருக்கிறது.

காயம்பட்டவருக்குப் பாடும் வழக்கத்தைப் புறநானூற்றிலும் பார்க்கலாம். 281ஆம் பாட்டில் அரிசில்கிழார் காட்டும் வீட்டில், புண்பட்ட வீரனைக் காப்பதற்காக யாழும் பல இசைக்கருவிகளும் ஒலிக்கின்றன, காஞ்சிப்பண் பாடப்படுகிறது. வலி இருக்கும் இடத்தில் பாட்டும் இருக்க வேண்டும் என்று நம் முன்னோர் கருதியிருக்கிறார்கள். வலியை மறைத்துவிட்டு, எல்லாம் நலமே என்று பாடச் சொன்னதாக அந்தப் பாட்டுகளில் இல்லை.

ஒலி உடலில் என்ன செய்கிறது?

இன்றைய ஆய்வுகள் இதைச் சற்று நுணுக்கமாகப் பார்க்க உதவுகின்றன. சுவீடனின் ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வு ஆசிரியர்களுக்குச் சுவையானது. 40 பேருக்கு மனக்கணக்குக் கொடுத்துப் பதற்றப்பட வைத்தார்கள். பிறகு சிலவேளை நீரூற்றும் பறவைகளும் கலந்த ஒலியையும், சிலவேளை சாலை இரைச்சலையும் கேட்க வைத்தார்கள். பதற்றத்தில் தோலில் வியர்வை கூடும். அதனால் தோலின் மின்கடத்தல் மாறும். அது பழைய நிலைக்குத் திரும்பும் வேகத்தை அளந்தபோது, இயற்கை ஒலி கேட்டபோது திரும்புதல் விரைவாக இருந்தது. கணக்குத் தேர்வுக்கு முன் கை வியர்த்து உட்கார்ந்திருக்கும் நம் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தின் பிரைட்டன் – சசெக்ஸ் மருத்துவப் பள்ளியினர் 2017இல் 17 பேரை மூளையைப் படம்பிடிக்கும் கருவிக்குள் வைத்து ஒலிகளைக் கேட்க வைத்தார்கள். இயற்கை ஒலி கேட்கும்போது கவனம் வெளிப்புறம் நோக்கிச் சென்றது. செயற்கை ஒலி கேட்கும்போது கவனம் உள்நோக்கித் திரும்பியது. தன்னையே திரும்பத் திரும்ப நினைத்து உழலும் மனச்சோர்விலும் பதற்றத்திலும் காணப்படும் நிலையை இது ஒத்திருந்தது. தொடக்கத்திலேயே அதிக மன அழுத்தத்தில் இருந்தவர்களுக்கே இயற்கை ஒலியால் அதிகப் பலன் கிடைத்தது என்பது இன்னொரு முடிவு.

ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் மனித வளர்ச்சி ஆய்வு நிறுவனம் 2022இல் 295 பேரிடம் செய்த சோதனையில், ஆறு நிமிடம் பறவை ஒலி கேட்டவர்களின் பதற்றம் குறைந்தது. போக்குவரத்து இரைச்சல் கேட்டவர்களிடம் மனச்சோர்வு கூடியது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் அமெரிக்க அறிவியல் இதழ் ஒன்றில் வெளியான கட்டுரை, மனநிலையை உயர்த்துவதில் நீரின் ஒலியும், மன அழுத்தத்தைக் குறைப்பதில் பறவை ஒலியும் முன்னிற்பதாகக் கூறுகிறது.

ஏன் இப்படி? ஆய்வாளர்கள் தரும் விளக்கங்களில் ஒன்று எளிமையானது. பறவைகள் இயல்பாகக் கூவிக்கொண்டிருந்தால் அருகில் ஆபத்து இல்லை என்று பொருள். காட்டில் திடீரென எல்லாம் அடங்கிப்போவதுதான் அச்சத்தின் அறிகுறி. ஓடையின் ஒலியில் திடுக்கிட வைக்கும் ஏற்ற இறக்கம் இல்லை. அதைக் கேட்கும் உடல் தன் காவல் நிலையைத் தளர்த்திக்கொள்கிறது. ஹாரனும் லாரி பிரேக்கும் இதற்கு நேர்மாறு. ஒவ்வொரு முறையும் உடலைத் தட்டி எழுப்புபவை. நெடுஞ்சாலை ஓரத்து விடுதியில் படுத்திருந்த என் மாணவிக்கு இரவில் ஓடை இல்லாமல் போனதோடு, அந்த இடத்தில் லாரியும் வந்து சேர்ந்திருந்தது.

சோகப் பாட்டு ஏன் இதம் தருகிறது?

இயற்கை ஒலி மனத்தை அமைதிப்படுத்தும் என்பதை ஏற்பது எளிது. சோகமான பாட்டும் ஆறுதல் தரும் என்பதைத்தான் நாம் பள்ளிகளில் ஏற்கத் தயங்குகிறோம்.

பெர்லினைச் சேர்ந்த தாருஃபி, கோயல்ஷ் ஆகியோர் 772 பேரிடம் நடத்திய கருத்தாய்வு 2014இல் வெளிவந்தது. சோக இசை கேட்கும்போது என்ன உணர்கிறீர்கள் என்ற கேள்விக்கு அதிகம் பேர் சொன்ன விடை சோகம் அன்று. பழைய நினைவுகளின் ஏக்கம். இழந்த மனிதரையோ ஊரையோ மறுபடி பக்கத்தில் உணர அந்த இசை உதவுகிறது.

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் பிறந்தவர்களுக்கு இதை ஒப்பாரி என்ற ஒரே சொல்லில் விளக்கிவிடலாம். இழவு வீட்டில் பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு பாடும்போது, ஒருத்தியின் துயரம் எல்லோருடையதும் ஆகிறது. பாடுபவர் இறந்தவரின் குணத்தையும் தன் கதியையும் சொல்லிச் சொல்லி அழுகிறார். அழுகைக்கு ஒரு மெட்டும் ஒரு முடிவும் கிடைக்கின்றன. பாட்டு முடிந்ததும் யாராவது ஒருவர் தண்ணீர் கொடுப்பார், எழுந்து அடுத்த வேலையைப் பார்ப்பார்கள்.

தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாக அழுகையைச் சேர்த்து, அது பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது: பிறரால் இழிவுபடுத்தப்படுவது, இழப்பு, முன்பிருந்த நல்ல நிலை மாறுவது, வறுமை. ஆசிரியர் அறையில் இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி ஒட்டி வைக்கலாம். நம் வகுப்பில் முகம் வாடி உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் பின்னால் இவற்றில் ஒன்றாவது இருக்கும். சாதிப் பெயரோ பட்டப்பெயரோ சொல்லிச் சிறுமைப்படுத்தப்பட்ட பிள்ளைக்குப் பாட்டு மருந்தாகாது. அந்தச் சிறுமையை நிறுத்துவதே மருந்து. பசியோடு வந்த பிள்ளைக்கு முதலில் வேண்டியது உணவு. இழப்பிலும் ஊர் மாறிய ஏக்கத்திலும்தான் ஒலியும் இசையும் நேரடியாகத் துணை நிற்கின்றன.

இப்போது என் தவறு எனக்குப் புரிகிறது. இசைச் சிகிச்சையில் 1940களிலேயே அமெரிக்க மருத்துவர் ஐரா ஆல்ட்ஷூலர் முன்வைத்த கொள்கை ஒன்று உண்டு. கேட்பவர் இப்போது எந்த மனநிலையில் இருக்கிறாரோ அதற்கு ஒத்த இசையில் தொடங்க வேண்டும். பிறகு மெல்ல மெல்ல வேறு மனநிலைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். குழந்தையைத் தூங்க வைக்கும் எந்தத் தாய்க்கும் இது தெரியும். வீறிட்டு அழும் குழந்தையை வேகமாகத் தொட்டிலாட்டி, சத்தமாகப் பாடத் தொடங்கி, அழுகை தணியத் தணியக் குரலையும் ஆட்டத்தையும் குறைப்பார். ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், 144 கைக்குழந்தைகளுக்கு அவர்கள் அறியாத வேற்று மொழிகளின் பாடல்களைக் கேட்க வைத்தார்கள். மொழி புரியாவிட்டாலும், மற்றப் பாடல்களைவிடத் தாலாட்டு கேட்டபோது குழந்தைகளின் இதயத்துடிப்பு அதிகம் தணிந்தது.

நானோ துயரத்தில் இருந்த பிள்ளையை எடுத்த எடுப்பிலேயே துள்ளல் பாட்டுக்கு இழுத்தேன். வகுப்பே மகிழ்ந்திருக்க, தான் மட்டும் தனித்திருப்பதை அந்தப் பாட்டு அவளுக்கு உறுதிப்படுத்தியிருக்கும். ஒலி குறிக்கும் பயிற்சி அவள் இருந்த இடத்திலிருந்தே தொடங்கியது.

வகுப்பறையில் செய்து பார்க்கலாம்

1. ஒலி வரைபடம் (3ஆம் வகுப்பு முதல்). அமெரிக்க இயற்கைக் கல்வியாளர் ஜோசப் கார்னெல் பரவலாக்கிய எளிய பயிற்சி இது. தாளின் நடுவில் ஒரு பெருக்கல் குறி. அதுதான் மாணவர் உட்கார்ந்திருக்கும் இடம். ஒலி எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு தொலைவிலிருந்து வருகிறதோ அந்த இடத்தில் ஒரு சிறு குறி. ஐந்து நிமிடம் போதும். முடிந்ததும், பிடித்த ஒலி எது, பிடிக்காதது எது என்று மட்டும் கேளுங்கள். விரும்பியவர்கள் பின்பக்கத்தில் தங்கள் வீட்டின் ஒலிகளை வரையலாம். யாரையும் கட்டாயப்படுத்த வேண்டாம், மதிப்பெண்ணும் வேண்டாம்.

2. பறவை நேரம் (4 முதல் 8ஆம் வகுப்பு). காலை வழிபாட்டுக்கு முன்போ தேர்வுக்கு முன்போ ஆறு நிமிடம் மரத்தடியில் அமைதி. குயில், செம்போத்து, மயில், தவிட்டுக்குருவி, குக்குறுவான் என்று நம் பகுதியில் கேட்கும் குரல்களை அடையாளம் காணலாம். மலைப்பகுதிப் பிள்ளைகள் இதில் ஆசிரியரை எளிதாக முந்திவிடுவார்கள். வகுப்பில் எப்போதும் பின்தங்கியவராகக் கருதப்படும் பிள்ளை, மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் வாய்ப்பு இது. எண்ணிக்கையைக் கொண்டு பட்டை வரைபடம் வரைந்தால் கணக்குப் பாடமும் சேர்ந்துகொள்ளும்.

3. இரைச்சல் கணக்கு (8 முதல் 10ஆம் வகுப்பு). 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி, அமைதி மண்டலமாக அறிவிக்கப்படும் இடங்களில் பகலில் 50 டெசிபலைத் தாண்டக் கூடாது. பள்ளிகளைச் சுற்றி 100 மீட்டர் வரையிலான பகுதி அந்த வகையில் சேர்கிறது. கைப்பேசியில் ஒலி அளக்கும் செயலியை வைத்துப் பள்ளியின் வெவ்வேறு இடங்களில் அளந்து பாருங்கள். செயலியின் அளவு துல்லியமாக இராது. ஒப்பிட்டுப் பார்க்கப் போதும். எந்த வகுப்பறையில் இரைச்சல் அதிகம், எந்த நேரத்தில் அதிகம் என்று மாணவர்களே கண்டு சொன்னால், இருக்கை மாற்றுவது, சாலையோரம் மரம் நடுவது பற்றிப் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேச ஒரு சான்று கிடைக்கும்.

4. வீட்டுப் பாட்டுத் தொகுப்பு (6ஆம் வகுப்பு முதல்). தாலாட்டு, நடவுப்பாட்டு, தானியம் குத்தும்போது பாடும் பாட்டு ஆகியவற்றை ஆயா, தாத்தாவிடம் கேட்டு எழுதி வரச் சொல்லலாம். மலையாளி பழங்குடி மக்களின் பாட்டுகளைத் திருத்தாமல், அவர்கள் சொல்லும் சொல்லிலேயே எழுத வேண்டும். கலைத் திருவிழாவுக்குப் பாட்டுத் தேடும் நேரத்தில் இந்தத் தொகுப்பு நேரடியாகப் பயன்படும்.

5. படிப்படியான பாட்டு. வகுப்பு சோர்ந்திருக்கும் நாளில் மெதுவான, அமைதியான பாட்டில் தொடங்கி, இரண்டாவதாகச் சற்று நடையுள்ள பாட்டு, மூன்றாவதாகக் கைதட்டும் பாட்டு என்று போகலாம். மூன்றாவதற்குப் போக வகுப்பு தயாராக இல்லையென்றால் இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கவனமாக இருக்க வேண்டிய இடங்கள்

எந்த ஒலியும் எல்லோருக்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. வெள்ளத்தைப் பார்த்துப் பயந்த பிள்ளைக்கு நீரின் ஒலி ஆறுதலாக இராது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப் பகுதிகளிலும் நச்சுச் சாராயத்தால் 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்தடுத்த வீடுகளில் சாவு விழுந்த தெருக்களிலிருந்து பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பி வந்தார்கள். அப்படிப்பட்ட ஒரு பிள்ளைக்குப் பறையின் அடி கலையாகக் கேட்குமா, அந்த நாளாகக் கேட்குமா என்பதை அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துத்தான் அறிய முடியும். ஒப்பாரியைப் பாடமாக நடத்தும்போது, அண்மையில் இழப்பைச் சந்தித்த மாணவர் வகுப்பில் இருக்கிறாரா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. அவரிடம் தனியாகச் சொல்லிவிட்டு நடத்தலாம்; வெளியே இருக்க விரும்பினால் விடலாம்.

வளரிளம் பருவத்தினர் சிலர் ஒரே சோகப் பாட்டை மணிக்கணக்காகத் தனியே கேட்டுக்கொண்டிருப்பார்கள். பாட்டு முடிந்தபின் மனம் இலேசாகிறதா, இன்னும் கனக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இன்னும் கனக்கிறது என்றால், அந்தப் பாட்டு துயரத்தைக் கரைக்கவில்லை, சுழல வைக்கிறது. அவரைத் தடுப்பதைவிட, மற்றவர்களோடு சேர்ந்து பாடும் இடத்துக்கு அழைப்பது பலன் தரும்.

இன்னொன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். ஒலியும் இசையும் துணை. சிகிச்சைக்கு மாற்று அல்ல. இரண்டு வாரத்துக்கு மேல் சோர்வு நீடித்தால், சாப்பாடும் தூக்கமும் குறைந்தால், அடிக்கடி விடுப்பு எடுத்தால், சாவைப் பற்றிப் பேசினால் தாமதிக்காமல் தலைமையாசிரியரிடமும் பெற்றோர் அல்லது காப்பாளரிடமும் பேசுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416, மாணவர் உதவிக்கு 14417, குழந்தைகள் உதவிக்கு 1098 ஆகிய எண்கள் இருக்கின்றன. இவை வகுப்பறைச் சுவரில் மாணவர் கண்ணில் படும்படி இருக்கட்டும். அழுத பிள்ளையின் கதை ஆசிரியர் அறைப் பேச்சாகவோ கைப்பேசி நிலைத்தகவலாகவோ ஆகிவிடக் கூடாது. நான் இங்கே எழுதியதில்கூட அவளை அடையாளம் காட்டும் விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

அந்த மாணவி இப்போதும் சில நாள் பேசாமல் இருப்பாள். அந்த நாள்களில் அவளை நான் பாடச் சொல்வதில்லை. மதிய இடைவேளையில் வேப்பமரத்தடியில் உட்கார அனுமதி உண்டு. விடுதிக் காப்பாளரிடம் பேசி, சாலைப் பக்கத்திலிருந்து உள்பக்க அறைக்கு அவள் படுக்கையை மாற்றியிருக்கிறோம். கோடை விடுமுறை முடிந்து வந்தபோது, ஆயாவிடம் கேட்டு எழுதிய சாமை குத்தும் பாட்டைக் கொண்டுவந்து காட்டினாள். உலக்கை விழும் இடத்தில் எல்லோரும் மேசையைத் தட்ட வேண்டும் என்று வகுப்புக்கே அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். நடுவில் ஒரு வரியில் அவள் குரல் கம்மியது. பிள்ளைகள் தட்டுவதை நிறுத்தவில்லை. அவள் மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த வரியைப் பாடினாள்.

அடுத்த வாரம் ஒரு பாடவேளையில் ஐந்து நிமிடம் ஒதுக்கி, உங்கள் வகுப்பையும் மரத்தடியில் உட்கார வையுங்கள். பிள்ளைகளோடு நீங்களும் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள்.